வெளிச்சம் எங்கே விழ வேண்டும்?

(லாஸ்பேட்டையில் மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

லாஸ்பேட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, டாக்ஸியும் வேனும் ஓட்டும் தோழர்களே, பட்டறையில் கை கறுக்க உழைக்கும் மெக்கானிக் நண்பர்களே, மாணவச் செல்வங்களே! இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். காரின் முகப்பு விளக்கில், நம் வழக்கில் சொன்னால் ஹெட்லைட்டில், பல்பு போய்விட்டால் அந்த இடத்தில் எந்தப் பல்பைப் போடுவது? இவ்வளவுதான் கேள்வி. இதற்கு ஒரு கூட்டமா, ஒரு பேச்சா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கடைக்குப் போனால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நாம் எடுக்கும் முடிவு, அந்தப் பல்பு எரிகிற காலமெல்லாம், இரவில் எதிரே வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் போய் விழுகிறது. கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி: "நல்ல வெளிச்சமா வேணுமா?" நாமும் "ஆமாம்" என்கிறோம். அந்தக் கேள்வியும் அரைகுறை, அந்தப் பதிலும் அரைகுறை என்பதுதான் என் வாதம். எவ்வளவு வெளிச்சம் என்று கேட்பதற்கு முன்னால், வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இது அவ்வளவு பெரிய விஷயமா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். மூன்று மூன்று மணி நேரமாகப் பகுத்த நாளில், மாலை 6 மணியிலிருந்து இரவு 9 மணி வரையிலான பொழுதுதான் திரும்பத் திரும்ப முதலிடம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் சாலையில் கூட்டம் அதிகம், ஓட்டுகிறவருக்குக் களைப்பும் அதிகம். பழி முழுவதையும் விளக்கின் தலையில் கட்டிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளக்குக்கும் அதில் பங்கு உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், கார்களின் முகப்பு விளக்குகளுக்கு 2016-லிருந்து தனியாக மதிப்பெண் போடுகிறது. 2021-ல் அவர்கள் கணக்குப் பார்த்தபோது, நல்ல மதிப்பெண் பெற்ற விளக்குள்ள கார்கள், மோசமான விளக்குள்ள கார்களைவிட, இரவில் தாமாகவே போய் மோதிக்கொள்ளும் விபத்துகளில் 19 விழுக்காடு குறைவாகச் சிக்கியிருந்தன. நடந்து போகிறவர்கள் மீது மோதுவது 23 விழுக்காடு குறைவு. நல்ல விளக்கு இருந்த இடத்தில் விபத்து குறைந்திருந்தது.

சரி, நல்ல விளக்கு என்றால் என்ன? அதைப் புரிந்துகொள்ள நம் புதுச்சேரிக் கடற்கரைக்கே போவோம். காந்தி சிலைக்கு அருகே நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தை 1836 ஜூலை 1 அன்று ஏற்றினார்கள். அன்றைக்கு மின்சாரம் ஏது? எண்ணெய் விளக்குகளும், ஒளியைத் திருப்பி அனுப்பும் தகடுகளும்தான். அந்தச் சுடரை ஒரு வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தால் கூடம் முழுக்க வெளிச்சம் பரவியிருக்கும், வாசலைத் தாண்டியிருக்காது. அதே சுடரின் பின்னே தகட்டை நிறுத்திக் கடல் பக்கமாகத் திருப்பியதும், தொலைவில் மரக்கலத்தில் வந்தவனுக்கு அது கரையைக் காட்டியது. சுடரைப் பெரிதாக்கி இந்த வேலையைச் செய்யவில்லை. நாலா பக்கமும் சிதறிப்போன ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பினார்கள். முகப்பு விளக்கின் முதல் பாடம் இதுதான். இரண்டாம் பாடம் இதற்கு நேர்மாறானது. கலங்கரை விளக்கு பிறர் கண்ணில் போய்ப் படுவதற்காகவே எரிகிறது. கார் விளக்கோ பிறர் கண்ணைக் கூசவைக்காமல் சாலையில் படுவதற்காக எரிய வேண்டும். இந்த இரண்டாம் பாடத்தை மறந்துவிட்டு, ஆளுக்கொரு கலங்கரை விளக்கத்தை பம்பருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஈசிஆர் சாலையில் போய்க்கொண்டிருக்கிறோம்!

இப்போது அந்தப் பல்பைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஆல்டோ, வேகன் ஆர் என்று நம் தெருக்களில் நாம் அன்றாடம் பார்க்கிற கார்கள் பலவற்றில் இருப்பது எச்4 என்ற வகை. 1971-ல் ஐரோப்பாவில் வந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை. கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குழல், நுனியில் ஒளி புகாத பூச்சு. உள்ளே முன்னும் பின்னுமாக இரண்டு இழைகள். பின்னால் இருப்பது பிரைட், முன்னால் இருப்பது டிம். முன் இழைக்குக் கீழே கவனித்துப் பாருங்கள், ஒரு சின்ன உலோகக் கிண்ணம் தெரியும். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையை விரல் நகத்தளவுக்குச் சுருக்கி வைத்தது போல இருக்கும். அந்தப் பாலாடைக்குள்தான் சூட்சுமம் இருக்கிறது. டிம் இழையின் ஒளி கீழ்ப்பக்கம் போகாதபடி அது தடுத்துவிடுகிறது. ஒளி மேல்நோக்கி மட்டும் போய், ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் பட்டு, அங்கிருந்து சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. கீழ்ப் பாதியிலும் பட்டிருந்தால் அது வானத்தையும் எதிரே வருகிறவர் முகத்தையும் பார்த்து எழும்பியிருக்கும். இன்னும் கூர்ந்து பார்த்தால், பாலாடையின் ஒரு விளிம்பு மட்டும் 15 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். நாம் இடப்பக்கம் போகிறவர்கள் அல்லவா? வலப்பக்கம் வருகிறவர் கண்ணுக்கு ஒளி ஏறாமல், இடப்பக்கச் சாலையோரம் மட்டும் சற்று மேலேறித் தெரிய வேண்டும். ஓரமாக நடந்து போகிற மனிதர், கட்டவிழ்ந்த ஆடு, மைல் கல் எல்லாம் அந்தச் சாய்வால்தான் தெரிகின்றன. விளக்கின் முகப்புக் கண்ணாடியில் செதுக்கிய வரிகளும் ரிஃப்ளெக்டரின் வளைவும் அந்தச் சாய்வுக்கு ஏற்ப அமைந்தவை. பல்பின் அடித்தட்டில் மூன்று காதுகள் இருக்கும், மூன்றும் ஒரே அளவில் இருக்காது. தப்பான கோணத்தில் மாட்டவே முடியாதபடி செய்த ஏற்பாடு அது. ஆக, முகப்பு விளக்கு என்பது பல்பு, ரிஃப்ளெக்டர், கண்ணாடி என்று மூன்று உறுப்பும் ஒன்றையொன்று அறிந்து இயங்கும் ஒரே கருவி. பல்பு மாற்றுகிறவர் அந்தக் கருவியின் ஓர் உறுப்பை மாற்றுகிறார். இழை இருக்க வேண்டிய இடத்தில் மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு பிசகினாலும், வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் அந்த மேல் விளிம்புக் கோடு கலைந்துவிடும்.

நம் ஊர்ப் பெயரிலேயே 'லா' இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் ழான் லா த லோரிஸ்தோன் பெயரால் வந்தது அது என்பார்கள். அந்த 'லா' வேறு, ஆங்கிலத்தில் 'லா' எனப்படும் சட்டம் வேறு. நாம் இப்போது பார்க்கப்போவது சட்டத்தை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி முன்விளக்கின் ஒளி எப்படிக் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எப்படிச் சொல்கிறது தெரியுமா? விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால் போ. வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி நில். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருப்பதாக வைத்துக்கொள். அந்தக் கண் கூசக் கூடாது. எவ்வளவு அழகான விதி! எத்தனை வாட் என்று அது கேட்கவில்லை. பல்பு வெள்ளையா நீலமா என்று கேட்கவில்லை. ஒரு மனிதனின் கண்ணை இருட்டில் நிறுத்திவைத்து, அந்தக் கண்ணுக்கு என்ன நேர்கிறது என்று கேட்கிறது. 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டரில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் வருகிற கண் யாருடையது? ஸ்கூட்டரில் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எதிரே வருகிற தாயின் கண். மீன் கூடையை மொபெட்டில் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்பியவரின் கண். எந்தப் பல்பை வாங்கினாலும் இந்தக் கண்ணிடம்தான் அது தேர்வெழுத வேண்டும்.

இந்தத் தேர்வில் தோற்க நமக்கு மூன்று ஆசைகள் காத்திருக்கின்றன. வாட் ஆசை, நிற ஆசை, எல்இடி ஆசை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வாட் ஆசை. எச்4 பல்பின் முறையான அளவு 60/55 வாட். பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. கடையில் 100/90 என்று இன்னொன்று கிடைக்கிறது. அதே காது, அதே கப்ளர், அதே பாலாடை. வெளிச்சமும் கூடத்தான் செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மின்சாரக் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு இழுப்பது 5 ஆம்பியர். 100 வாட் பல்பு இழுப்பது 8 ஆம்பியருக்கும் மேல். ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆக வாட் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை, ஒயரின் சூடோ 2.7 மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. கார் கம்பெனி போட்ட மெல்லிய ஒயர், சுவிட்சுக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் தகடு, பிளாஸ்டிக் ஹோல்டர் ஆகியவை 60-க்காகச் செய்தவை. ஹோல்டர் பழுத்து, உருகி, பல்போடு ஒட்டிக்கொண்டு பட்டறைக்கு வருகிற கதையை இங்கே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். "தனி ரிலே, தடித்த ஒயர் போட்டுவிட்டால் உருகாதே?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒயர் உருகாது, ரிஃப்ளெக்டரின் பூச்சு அந்தச் சூட்டில் நாளடைவில் மங்கும். அதைவிட முக்கியம், டிம்மில் 55-க்குப் பதில் 90 எரியும்போது, கோட்டுக்கு மேலே கசிகிற ஒளியும் அதே கணக்கில் ஏறும். சாலைக்குக் கொடுத்த கூடுதல் வெளிச்சத்தில் ஒரு பங்கை எதிரே வருகிற அந்தக் கண்ணிடமிருந்து பிடுங்கித்தான் கொடுக்கிறோம்.

இரண்டாவது நிற ஆசை. சாதாரண ஹாலஜன் பல்பின் ஒளி இளமஞ்சள் சாய்ந்தது, ஏறக்குறைய 3,200 கெல்வின். வெள்ளையாக எரிந்தால் கார் புதுசாகத் தெரியும் என்று, கண்ணாடியில் நீலப் பூச்சுப் பூசிய பல்பை வாங்குகிறோம். பூச்சு எப்படி வெள்ளையாக்குகிறது? மஞ்சளையும் சிவப்பையும் வடிகட்டி நிறுத்திவிடுகிறது. வடிகட்டி எதையும் கூட்டாது, கழிக்கத்தான் செய்யும். காப்பி வடிகட்டியில் ஊற்றியதைவிட அதிகமாக எங்கேயாவது டிகாஷன் இறங்கியதுண்டா? வெளிச்சம் குறைந்திருக்க, வெள்ளை என்பதால் கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றுகிறது. தோற்றம் கூடியது, பார்வை குறைந்தது. அதோடு, நீலம் மிகுந்த ஒளி எதிரே வருகிறவருக்கு அதிக எரிச்சலைத் தருகிறது என்பதும் ஆய்வுகளில் தெளிவானது. நிறத்தை நம்பி ஒரு நாடே அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது தெரியுமா? 1954 நவம்பர் 1 வரை நம் ஊரை ஆண்டதே பிரான்ஸ், அந்த நாடுதான். 1936-ல் சட்டம் போட்டு, கார்களின் முகப்பு விளக்கு மஞ்சளாகத்தான் எரிய வேண்டும் என்றார்கள். மஞ்சள் கண்ணை உறுத்தாது என்பது நம்பிக்கை. மற்ற நாடுகள் பலவற்றின் கார்கள் வெள்ளையாக எரிய, பிரெஞ்சுக் கார் மஞ்சளாக எரிந்தது. கடைசியில் 1993-ல் ஐரோப்பா முழுவதற்கும் ஒரே விதி என்று வந்தபோது அதைக் கைவிட்டார்கள். அங்கும் மஞ்சள் என்பது வடிகட்டிதான், ஒளியில் ஒரு பங்கைத் தின்றது. மஞ்சளை நம்பிய பிரான்ஸும் நீலத்தை நம்பும் நாமும் ஒரே தவற்றின் இரண்டு கரைகளில் நிற்கிறோம். நிறம் ஒளியை எங்கேயும் திருப்பாது. திருப்புவது பாலாடையும் ரிஃப்ளெக்டரும்தான்.

இதோடு சேர்த்து, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'நூறு சதவீதம் கூடுதல் வெளிச்சம்' என்ற வாக்கியத்தையும் பார்த்துவிடுவோம். அது முழுப் பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை. ஐ.நா. வாகன விதிமுறைப்படி எச்4 பல்பு பிரைட்டில் சுமார் 1,650 லூமன், டிம்மில் சுமார் 1,000 லூமன் தர வேண்டும். அதிலிருந்து சிறிதளவுதான் கூடவோ குறையவோ அனுமதி உண்டு. அப்படியானால் நூறு சதவீதம் எங்கிருந்து வரும்? இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, இன்னும் சூடாக எரியவிட்டு, சாலையில் குறிப்பிட்ட சில புள்ளிகளில் வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். ஒப்பிடுவதும் நல்ல பல்போடு இல்லை, விதி சொல்கிற குறைந்தபட்ச அளவோடு. நல்ல கம்பெனிப் பல்பாக இருந்தால் பலன் ஓரளவு உண்மையாகவே கிடைக்கும், இழை இருக்க வேண்டிய இடத்திலேயே இருப்பதால் பிறர் கண்ணையும் கெடுக்காது. அதற்கு விலை ஆயுள். சூடாக எரிகிற இழை சீக்கிரம் அறுந்துபோகும். இரவெல்லாம் ஓடுகிற டாக்ஸிக்கு அது கட்டுப்படியாகாது, மாதம் இரண்டு முறை சென்னை போய்வருகிறவருக்கு ஒருவேளை கட்டுப்படியாகும். அவரவர் கணக்கு.

மூன்றாவது, இன்றைய பெரிய ஆசை, எல்இடி. "உலகமே எல்இடிக்குப் போய்விட்டது, வீட்டில் குண்டு பல்பைக் கழற்றி எறிந்தோமே, காரில் மட்டும் ஏன் பழசைப் பிடித்துத் தொங்க வேண்டும்?" இதைவிட வலுவான வாதம் என்னை எதிர்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். எல்இடி நல்ல ஒளி மூலம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. குறைந்த மின்சாரத்தில் நிறைய வெளிச்சம், நீண்ட ஆயுள். கம்பெனியிலிருந்தே எல்இடி விளக்கோடு வருகிற காரில், ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அந்த எல்இடிக்காகவே வடிவமைக்கப்பட்டவை. பிரச்சினை, ஹாலஜனுக்குச் செய்த கூட்டுக்குள் எல்இடியைத் திணிப்பதில்தான். வீட்டுக் கூடத்தில் ஒளி எல்லாப் பக்கமும் சிதறினால் யாருக்கும் நட்டமில்லை, அங்கே பல்பை மாற்றலாம். காரில் அப்படி இல்லை. ஹாலஜன் இழை மெல்லிய சுருள், சுற்றிலும் ஒரே சீராக ஒளி விடும். எல்இடி பல்பில் ஒரு பட்டையான தண்டின் இரு பக்கமும் சில்லுகளை ஒட்டியிருப்பார்கள். இரு பக்கமும் பளீரென்று எரியும், மேலும் கீழும் மங்கும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் இழை இங்கே இருக்கிறது என்று நம்பி வளைக்கப்பட்டது. அந்த இடத்தில் வேறு உருவம் வந்து உட்கார்ந்தால், சாலையில் சில இடம் வெள்ளக்காடாகவும் சில இடம் இருட்டாகவும் ஆகும், கோட்டுக்கு மேலேயும் ஒளி தெறிக்கும். போதாக்குறைக்கு, காரின் மூக்குக்கு அடியிலேயே வெளிச்சம் கொட்டும். அதைப் பார்த்து நாம் மகிழ்ந்துபோகிறோம். ஆனால் பக்கத்து வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கிவிடுகிறது, தொலைவில் நிற்கிற மாடு தெரியாமல் போகிறது. பின்னால் விசிறியும் அலுமினியக் கட்டையுமாக அந்தப் பல்பு நீண்டிருப்பதால், ரப்பர் மூடியை வெட்டியோ மூடாமலோ விடுகிறோம். நம் ஊர்க் கடற்காற்றில் ஈரமும் உப்பும் கேட்காமலேயே உள்ளே நுழையும். இரண்டு மழைக்காலம் போதும், ரிஃப்ளெக்டர் உரிந்துவிடும்.

"ஜெர்மனியில் அனுமதித்திருக்கிறார்களே?" ஆம், அனுமதித்திருக்கிறார்கள். 2020-ல் ஓஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்இடி பல்பு ஒன்றுக்கு அங்கே சாலை அனுமதி கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. எல்லாக் காருக்கும் என்று கொடுக்கவில்லை. இன்ன மாடல், இன்ன விளக்குக் கூடு என்று ஒவ்வொன்றாக அந்தப் பல்பைப் போட்டுச் சோதித்து, தேறிய கார்களுக்கு மட்டும் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். பட்டியலில் இல்லாத காரில் அதே பல்பு அங்கேயும் சட்டவிரோதம்தான். இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை உடைக்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறது. நான் முன்பு சொன்ன அமெரிக்க நிறுவனம் 2016-ல் 31 நடுத்தரக் கார்களைச் சோதித்தபோது, 'நன்று' என்ற மதிப்பெண் பெற்றது ஒரே ஒரு கார். விலை உயர்ந்த கார்கள் சில மிக மோசமான மதிப்பெண் வாங்கின. கம்பெனிக்காரர்களே முழு விளக்கையும் புதிதாக வடிவமைத்தும் தவறுகிற தேர்வு இது. கடை முகப்பில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் ஒரு பல்பைத் திருகி அதில் தேறிவிடலாம் என்று நினைப்பது நியாயமா?

அப்படியானால், "என் கார் விளக்கு மங்கலாக எரிகிறதே, அதற்கு என்னதான் வழி?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனால் என் பேச்சு வெறும் தடை உத்தரவாகிவிடும். வழி இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் பல்பைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முதலில் ஒயரைப் பாருங்கள். பல்பின் லூமன் கணக்கெல்லாம் 13.2 வோல்ட்டில் எடுத்தது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் அதைவிட வேகமாகச் சரியும். 12 வோல்ட் வந்தால் கால் பங்குக்கு மேல் போய்விடும், 11 வந்தால் ஏறக்குறைய பாதி. பழைய காரில் எர்த்துப் பிடித்த இடம் துருவேறியிருக்கும், கப்ளரில் பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முறையான ரிலேவும் போட்டால், கழற்றி எறிய நினைத்த அதே 60/55 பல்பு புதுப் பிறவி எடுக்கும். அடுத்தது கண்ணாடி. இன்றைய காரில் அது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளித்துப் புகைபடர்ந்துவிடும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-ல் சோதித்தபோது, அப்படிப் பழுத்த விளக்குகள் டிம்மில் புது விளக்கின் வெளிச்சத்தில் 22 விழுக்காடுதான் தந்தன. நூறில் எழுபத்தெட்டைக் கண்ணாடி விழுங்கிவிட்டது! இதற்கு 100 வாட் போட்டு என்ன பயன்? புகைபடர்ந்த கண்ணாடி மிச்ச ஒளியையும் சிதறடித்துக் கூச்சமாக்கும், அவ்வளவுதான். அதைத் தேய்த்து மெருகேற்றுங்கள், முடியாவிட்டால் கண்ணாடியை மாற்றுங்கள்.

மூன்றாவது, நம் ஆட்கள் ஃபோகஸ் என்று சொல்கிறார்களே, அந்த ஏற்ற இறக்கம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளியின் மேல் விளிம்பு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், அது 70 மீட்டரில் தரையைத் தொடும். சரியான நிலை. அதுவே மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறிப்போனால்? 50 மீட்டர் தள்ளி வருகிறவரிடம் போய்ச் சேரும்போது அது 1 மீட்டர் 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எதிர்க் காரின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வேறுபாட்டில் நல்ல பல்பும் கெட்ட பல்பாகிறது. சனிக்கிழமை திருநள்ளாற்றுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறோம். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய மூட்டை. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிர்கிறது, விளக்கும் கூடவே நிமிர்கிறது. ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் பல கார்களில் இருக்கிறது. அது இதற்காகத்தான் என்பதே பலருக்குத் தெரியாது. சுமை ஏறினால் அந்த எண்ணையும் ஏற்ற வேண்டும், ஒளி இறங்கும்.

இனி, மனத்தின் ஆழத்திலிருந்து வருகிற ஒரு மறுப்பு. "நான் ஒழுங்காக இருந்து என்ன? எதிரே வருகிறவன் டிம் அடிக்கிறானா? அவன் அடிக்கிற வெளிச்சத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை, நானும் பெரிதாய்ப் போட்டால்தான் சரிக்குச் சரி." இந்தக் கோபம் நியாயமானது, ஆனால் இந்த முடிவு தவறானது. ஏன் என்று சொல்கிறேன். சினிமாக் கொட்டகையில் பகல் காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள். திரையில் படம் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் வெளிறிப்போகிறது. புரொஜெக்டரின் ஒளியில் எந்தக் குறையும் இல்லை, கதவு வெளிச்சம் திரை மேல் ஒரு வெள்ளைப் போர்வையைப் போர்த்திவிட்டது. கண்ணில் நடப்பதும் இதுதான். எதிர் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறி, நாம் பார்க்க வேண்டிய காட்சியின் மேல் பனி போலப் படர்கிறது. வயது ஏற ஏற, கண்புரை தொடங்கத் தொடங்க, அந்தப் படலம் தடிக்கும். இப்போது, நீங்களும் பெரிய பல்பைப் போட்டால் என்ன ஆகும்? உங்கள் கொட்டகைக் கதவு மூடாது, அவர் கொட்டகைக் கதவும் திறந்துகொள்ளும். ஒரு குருடர் இருந்த சாலையில் இரண்டு குருடர். அதுவும் கண் தெரியாமல் உங்களை நோக்கியே வருகிறவர்! அவர் பார்வையைப் பறிப்பது உங்கள் உயிருக்கே ஆபத்து. அறம் என்று பார்க்க வேண்டாம், சுயநலம் என்று பார்த்தாலே போதும்.

"சாலையில் தெருவிளக்கு இல்லை, வெள்ளைக்கோடு அழிந்துவிட்டது, அதையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் பல்பைப் பிடித்துக்கொண்டீர்களே?" என்றும் கேட்பார்கள். அவை அரசின் கடமை, கேட்டுப் பெற வேண்டியவை. அதற்காக நம் கையில் இருப்பதை விட்டுவிடலாமா? கேட்பதும் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும். ஒரு காலத்தில் பல ஊர்களில் போக்குவரத்துப் போலீசார் வண்டியை மறித்து, விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டி அனுப்பினார்கள். கூச்சம் என்ற நோயை அவர்கள் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள், மருந்துதான் முரட்டு மருந்து. சாலைக்குப் போக வேண்டிய ஒளியையும் சேர்த்து அந்தப் பொட்டு மறைத்தது. பாலாடை நுட்பமாகச் செய்கிற வேலையைப் பெயிண்ட் பிரஷ் செய்ய முடியுமா? நாமே ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பிரஷ்ஷுக்கு வேலையே வந்திருக்காது.

ஆகவே கடைக்குப் போகும்போது என்ன செய்வது? பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதன் அடித்தட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: எச்4, எச்7, எச்11 என்று என்ன வகையோ அதே வகை, 60/55 என்று என்ன வாட்டோ அதே வாட். ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் எண்ணும் இருக்கிறதா பாருங்கள், ஐ.நா. விதிமுறைப்படி சோதித்து அங்கீகரித்த முத்திரை அது. பிளாஸ்டிக் முகப்புக்கு 'யு' என்ற எழுத்தும் இருப்பது நல்லது, புற ஊதாக் கதிரைக் குறைத்த பல்பு என்று பொருள். ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே நாளில் எரியத் தொடங்கியவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், இடையில் ஒரு கண் பிரகாசம், ஒரு கண் மங்கல் என்று ஓட்ட வேண்டாம். மாட்டும்போது கண்ணாடிக் குழலை விரலால் தொடாதீர்கள். அது பல நூறு டிகிரி சூட்டில் எரிகிறது, விரலின் எண்ணெய் பட்ட இடம் தனியாகச் சூடேறிக் கருகும், பல்பின் ஆயுள் குறையும். பின்னால் ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். அதன் பிறகு, வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

நிறைவாக ஒரு வேலை சொல்லி விடைபெறுகிறேன். இன்று இரவு வீட்டுக்குப் போனதும், சமதளமான இடத்தில், ஒரு மதில் சுவருக்கு நேரே 10 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தை அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம்மைப் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் தெளிவாக வெட்டிவிட்டது போல நிற்கிறதா? இடது ஓரத்தில் மட்டும் சாய்வாக ஏறுகிறதா? நின்றால் உங்கள் பல்பு நல்ல பல்பு, அது எந்தக் கடையில் வாங்கியதாக இருந்தாலும் சரி. கோடே தெரியாமல் சுவரெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தால், "என்ன வெளிச்சம், பார்த்தாயா!" என்று பக்கத்தில் நிற்கிறவர் வியந்தாலும், நாளைக்கே அதைக் கழற்றிவிடுங்கள். சுவருக்குக் கண் இல்லை, அது கூசாமல் நின்றுவிடும். சாலையில் அந்த உயரத்தில் சுவர் இருக்காது.